குரைக்கிற நாயும் கடிக்கும்

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வீண் ஆரவாரம் செய்வோனைக் கண்டு அஞ்ச வேண்டா என்பது அதன் உட்பொருள். மனிதரைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். நாயைப் பொறுத்தவரை அது முழுப் பொய். குரைத்தல் என்பது பலவேளைகளில் நாய் விடுக்கும் எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கையை மதியாது நெருங்குவோரை அது கடிக்கவும் கூடும். உட்பொருளை விளக்கி மனப்பாடம் செய்விக்கும் நாம், ஏழு வயதுக் குழந்தை சொல்லின் நேர்ப்பொருளையே முதலில் பற்றிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

தமிழ் வகுப்பில் நாய் இடம்பெறாமல் இல்லை. "என் செல்லப்பிராணி" என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். "நான் ஒரு நாய்" என்று தன்கதை எழுதச் சொல்கிறோம். மாணவரும், "நாய் நன்றியுள்ள பிராணி, அதற்கு நான்கு கால்கள் உண்டு, அது வீட்டைக் காக்கும்" என்று எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் கூறுவதை மேல்வகுப்பில் எடுத்துக்காட்டுகிறோம். வேல் உடலில் தைத்திருந்தபோதும் வாலாட்டும் நாயைக் கண்டு வியக்கிறோம். ஆனால், நாலடியார் உரைத்தது நட்பின் இலக்கணமேயன்றி நாயின் இலக்கணம் அன்று. நாய் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று நம்பிய குழந்தை அதன் காதைப் பிடித்து இழுக்கிறது. உண்ணும்போது தட்டில் கைவைக்கிறது. முதுகில் ஏறி அமர்கிறது.

வகுப்பறைக்கு வெளியே நிலைமை நேர்மாறானது. அங்கே "நாயே" என்பது வசைச்சொல். தெருவில் நாயைக் கண்டால் கல்லைத் தேடும் கைகள் நம் பிள்ளைகளுடையவை. ஏட்டில் போற்றுதல், வீதியில் கல்லெறிதல் என்னும் இவ்விரண்டுக்கும் இடையே நாய் என்னும் உயிரை உள்ளபடி அறியும் அறிவு மட்டும் காணாமற்போயிற்று. இக்குறையைத் தமிழாசிரியர் தம் குறையாகவே கொள்ளுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

இது விளையாட்டுச் செய்தி அன்று. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் மாள்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டோர். மலேசியாவில் 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வடமாநிலங்களில் இந்நோய் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டு சரவாக்கில் பரவியபோது, அங்கு முதலில் உயிரிழந்தோர் சிறு குழந்தைகளே. நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஆனால், கடித்த உடனே காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் சென்று தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம்.

இங்கேதான் நம் பொறுப்பு முன்னிற்கிறது. நாய் கீறியதை வீட்டில் சொன்னால் அடி விழும் என்றஞ்சும் குழந்தை அதனை மறைத்துவிடும். சிறு கீறல்தானே என்று அது எண்ணும். அம்மறைவே அதன் உயிருக்கு உலையாகலாம். "நாய் கடித்தால், கீறினால், காயத்தை நக்கினால் உடனே பெரியவரிடம் சொல், உன்னை யாரும் திட்டமாட்டார்கள்" என்னும் வாக்கியத்தை எத்தனை வகுப்பறைகள் கேட்டிருக்கின்றன?

"சிங்கப்பூரில் 1953 முதல் இந்நோய் இல்லையே, அங்குள்ள பிள்ளைக்கு இப்பாடம் எதற்கு?" என்று கேட்போர் உளர். நோயற்ற நாயின் பல்லும் பல்தான். சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதால், கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. சிறுவரைக் கடிப்பவை பெரும்பாலும் முன்பின் அறியாத தெருநாய்கள் அல்ல. வீட்டிலோ அண்டை அயலிலோ வளர்ந்து பழகிய நாய்களே என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அடுக்குமாடியின் மின்தூக்கியில் நாயோடு நிற்க நேரும் குழந்தைக்கும் இவ்வறிவு வேண்டாவா?

அவ்வறிவுதான் யாது? கற்பதற்கு மிக எளியது. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய், சங்கிலியில் கட்டுண்ட நாய் ஆகிய நான்கையும் நெருங்கலாகாது. பிறர் நாயைத் தொடுமுன் உரியவரைக் கேட்டல் வேண்டும். உடல் விறைத்தல், உறுமுதல், பல்லைக் காட்டுதல், காதைப் பின்னே மடித்தல், வாலைக் கால்களிடையே செருகுதல், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் நோக்குதல் ஆகியன "விலகு" என்று நாய் சொல்லும் சொற்கள். வாலாட்டும் நாயெல்லாம் நட்புக் கொண்டதன்று. உடல் விறைக்க, வால் உயர்ந்து அசைந்தால் அதுவும் எச்சரிக்கையே. அறியாத நாய் நெருங்கி வந்தால் ஓடாதே, கத்தாதே, அதன் கண்ணை உற்று நோக்காதே; கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் நில். கீழே தள்ளிவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிச் சுருண்டு கிட. இவை ஏவல் வினைகள் நிறைந்த நல்ல தமிழ்ப் பாடம் அன்றோ?

"இது பெற்றோர் கடமை, தமிழாசிரியருக்கு ஏன் இவ்வேலை?" என்பது அடுத்த தடை. பெற்றோர் கடமைதான், மறுப்பாரில்லை. ஆயினும், கல்லெறியக் கற்ற வீட்டிலேயே இதனைக் கற்கட்டும் என்று விட்டுவிடுவது கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். மேலும், இப்பாடம் பயன் தராது என்பாருக்கு ஒரு சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 8 தொடக்கப்பள்ளிகளில் 7, 8 வயதுக் குழந்தைகளிடையே ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 2000ஆம் ஆண்டு வெளிவந்தன. சில பள்ளிகளில் மட்டும் அரைமணி நேரப் பாடம் நடந்தது. சில நாள்கள் கழித்துக் குழந்தைகள் விளையாடுமிடத்தில் பழக்கமில்லாத நாய் ஒன்றைக் கட்டிவைத்தனர். பாடம் கேளாத குழந்தைகளில் நூற்றுக்கு 79 பேர் அதனைத் தட்டிக்கொடுத்தனர். பாடம் கேட்டவர்களில் அவ்வாறு செய்தோர் நூற்றுக்கு 9 பேரே. கடிகள் எத்துணைக் குறைந்தன என்பதை அவ்வாய்வு அளக்கவில்லை. எனினும், அரைமணி நேரம் குழந்தையின் கையைத் தடுத்து நிறுத்தவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்னொரு சாரார், "இவ்வாறு கற்பித்தால் பிள்ளைகள் நாயைக் கண்டு அஞ்சுவர்" என்பர். பாதுகாப்பை மட்டும் கற்பித்தால் அவர் சொல்வது நேரலாம். ஆகவேதான் பேணுதலையும் உடன் கற்பித்தல் வேண்டும். நாய்க்கு எந்நேரமும் தூய நீர் வேண்டும். வெயிலில் கட்டிப்போடலாகாது. சாக்லெட்டும் வெங்காயமும் திராட்சையும் அதற்கு நஞ்சு. சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். தீபாவளி வெடியோசை நம் செவிக்கு இன்பம். நம்மினும் கூரிய செவியுடைய நாய்க்கோ அது பேரச்சம். மருண்டு ஓடும் நாய் வழிதவறும், வாகனத்தில் அடிபடும், எதிர்ப்பட்டோரைக் கடிக்கும். அந்நாளில் அதனை வீட்டினுள் வைத்துக் காக்கக் கற்ற பிள்ளை நாயையும் காக்கிறான், அயலாரையும் காக்கிறான்.

அயலார் என்னும்போது நம் நாட்டின் இயல்பையும் மறத்தலாகாது. நாயின் ஈரம் பட்டால் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ளும் முஸ்லிம் அன்பர்கள் நம் அண்டை வீட்டார். நாயை அவிழ்த்துவிடாது கயிற்றில் நடத்திச் செல்லுதலும், அதன் கழிவை அகற்றுதலும் அவர்க்கு நாம் காட்டும் மதிப்பு. வளர்ப்போர் தம் விலங்கின் தேவைகளைப் பேண வேண்டும் என்பதை மலேசியாவில் 2015ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டமே கடமையாக்கியுள்ளது.

ஆசிரியப் பெருமக்களே! புதிய பாடநூல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. அடுத்த முறை "என் செல்லப்பிராணி" என்று கரும்பலகையில் எழுதப் போகும்போது, "நாய் என்னிடம் என்ன சொல்கிறது?" என்று எழுதுங்கள். நான்கு கால்களை எண்ணிய பிள்ளை அதன் காதையும் கண்ணையும் வாலையும் உற்றுநோக்கி எழுதட்டும். ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்களே! நாயைப் பற்றிய பழமொழியை விளக்கும் அன்றே நாயைப் பற்றிய உண்மையையும் விளக்குங்கள். மதிப்பெண் பெற்றுத்தரும் தமிழ் நன்று. குழந்தையின் முகத்தில் வடு விழாமல் காக்கும் தமிழ் அதனினும் நன்று.