பாட்டன் கணக்கில் வரமாட்டான்

வங்கியில் குமாஸ்தா வேலை எனக்கு. வருகிற பாரத்தில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்துத் திருப்பிக் கொடுப்பதற்குச் சம்பளம். கவிதை எழுதுவதெல்லாம் ராத்திரியில்.

போன வருஷம் கல்விக்கடன் கேட்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். முகாம்காரர்கள். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பாரத்தை அச்சடித்த மாதிரி நிரப்பியிருந்தாள், நாட்டுரிமை என்கிற கட்டத்தைத் தவிர. "என்னம்மா, இதை விட்டுட்டியே?" என்றேன். "அதுல என்ன எழுதணும்னு நீங்கதான் சார் சொல்லணும்" என்றாள். 2005இல் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கடல் தாண்டியதே இல்லை. கடன் விதியில் முதல் நிபந்தனையே இந்தியக் குடியுரிமைதான். பாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தம்மா எழுந்து போகவில்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். "ஆதார் இருக்கே சார்? புள்ள பொறந்தது இங்கதானே? 1990லேருந்து இருக்கோம், நிரந்தரமா தங்கிக்கன்னாவது ஒரு காயிதம் தரமாட்டாங்களா?" கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "எங்கப்பாவோட அப்பா தொறையூர்ப் பக்கம் சார்" என்று சொல்லி ஒரு சேரியின் பேரைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து இருபது கல். அதற்கப்புறம் நான் அவருக்குத் தம்பி, அவர் எனக்கு அக்கா. ஆனால் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பட்டதாரி என்று போர்டு மாட்டிக்கொள்கிறோம்!

1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். நம் தோழர்களிடமும் இதே கேள்விகளோடு ஆள்கள் வருகிறார்கள் என்பதால் படித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆதார் குடியுரிமைக்குச் சாட்சி இல்லை. ஆதார் சட்டமே அப்படிச் சொல்கிறது. 182 நாள் இங்கே தங்கினால் வெளிநாட்டுக்காரருக்கும் ஆதார் உண்டு. ரேஷன் அட்டையும் அப்படித்தான், வரி கட்டுவதும் அப்படித்தான். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற மாதிரி 'நிரந்தரக் குடியிருப்பு' என்று ஒரு நிலை நம் நாட்டில் அகதிக்குக் கிடையாது. 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு வாங்கியவர், ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போனவர்கள் நிறைய. விமானச் சீட்டுக்குக் காணி விற்க முடிந்தவர்கள் போனார்கள். படகுக்கூலிக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்கள் மண்டபத்தில் இறங்கினார்கள்.

இங்கே பிறந்தால் போதாதா? அது எப்போது பிறந்தாய் என்பதைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், அப்பன் ஆத்தா யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' இல்லாதவராகவும் இருக்க வேண்டும். முதல் விதி ஏட்டில் மட்டும் கிடக்கிற விதி இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். 1983க்குப் பிறகு வந்து, 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிள்ளை பெற்றவர்கள் எத்தனை குடும்பம்? அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் குடிமக்கள் என்பதே தெரியாது. நாமும் போய்ச் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது துறையூர்தான். இந்திய வம்சாவளி என்றால் ஏழு வருஷம் இங்கே வசித்திருந்து, பதிவு மூலம் குடியுரிமை கேட்க ஐந்தாம் பிரிவு வழிவிடுகிறது. யார் இந்திய வம்சாவளி? அவரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பாட்டன் கணக்கில் வரமாட்டான். அக்கா பிறந்தது இலங்கையில். அவருடைய அப்பா பிறந்ததும் மலையகத்துத் தோட்டத்து லயத்தில். துறையூர்ச் சேரியில் பிறந்தவர் பாட்டன். ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டது. ஆக, சட்டப்படி அக்கா அந்நியர். இவர்களை இந்தியாக்காரர்கள் என்று சொல்லித்தானே அந்தத் தீவு விரட்டியது!

பறையர், பள்ளர், சக்கிலியர் என்று நம் சனம்தான் அந்தத் தோட்டங்களில் பெரும்பான்மை. பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்த, கங்காணிக்குப் பின்னால் நடந்தார்கள். நம்பர் அடித்த தகர வில்லையைக் கொடுத்து, மண்டபத்தில் தடுத்துவைத்து நோய் பார்த்து, கப்பலேற்றினார்கள். லயத்திலும் காம்பரா கொடுத்தது சாதி பார்த்துத்தான். 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். தேயிலைப் பெட்டி மாதிரி. தேயிலையிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா?

ஒப்பந்தத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் நீலகிரித் தேயிலைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காவின் குடும்பம் அதில் வரவில்லை. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். அக்கா பிறந்தது அங்கேதான். 1990இல் எட்டு வயதில் படகில் ஏறினார். இறங்கியது அதே மண்டபத்தில். கூலியாகப் போகும்போது நிறுத்திவைத்த இடமும் அகதியாக வரும்போது நிறுத்திவைத்த இடமும் ஒன்றே.

படகில் வந்ததால் இன்னொரு பூட்டு. பாஸ்போர்ட் விசா இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் பதிவு மூலமும் மனுப் போட முடியாது, பதினோரு பன்னிரண்டு வருஷம் வசித்ததைக் காட்டி இயல்புரிமையும் கேட்க முடியாது. 2019 ஜூனில் மதுரைக் கிளை, திருச்சி முகாமைச் சேர்ந்த 65 பேர் வழக்கில், இவர்களுக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்றது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட் விசா நிபந்தனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். நல்லது. ஆனால் உன்னைத் தண்டிக்கமாட்டேன் என்பது வேறு, நீ எங்க ஆளு என்பது வேறு. மனுவை நிராகரித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பதினாலாம் பிரிவு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம், வழக்கறிஞர் தோழர்கள் யோசிக்கட்டும். சட்டவிரோதக் குடியேறி என்றால் இந்தியாவுக்குள் 'நுழைந்தவர்' என்பது சட்டத்தின் வார்த்தை. மகள் எங்கே நுழைந்தாள்? ஆஸ்பத்திரித் தொட்டிலில் இருந்தா?

2019 திருத்தத்தில் இலங்கை இந்துக்களையும் சேர் என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஆள்களிலேயே கேட்கிறவர்கள் உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தாருக்கு மட்டும் வாசலைத் திறந்த சட்டம் அது. அதில் நுழைய மதத்தைக் காட்ட வேண்டும். முகாமில் அந்தோணியும் இருக்கிறார், மாரியாயியும் இருக்கிறார். எவன் உள்ளே எவன் வெளியே என்று பிறப்பை வைத்துப் பிரிக்கிற வேலையை நம்மை விட அனுபவித்தவர் யார்? அந்த வரிசையில் போய் நின்று எனக்கும் ஒரு இடம் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. அக்காவுக்கு நாளைக்கே குடியுரிமை கிடைக்குமென்றால்? அந்தக் கேள்விக்கு முகாமுக்கு வெளியே, வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்வது சுலபம் என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்போம்: வம்சாவளி விளக்கத்தில் பாட்டன் பாட்டியைச் சேர். முகாமில் பதிந்தவர் மேல் இருக்கிற சட்டவிரோத முத்திரையை அழி. இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்த மண்ணைக் கொடு.

பாட்டனைச் சேர்த்தாலும் சாட்சி கேட்பார்கள். நிலம் இருந்தவன் பட்டா காட்டுவான், கோயில் மரியாதை காட்டுவான். துறையூர்ச் சேரியில் 1920 வாக்கில் பிறந்த பண்ணையாளுக்கு என்ன காகிதம் இருக்கும்? இலங்கைத் தோட்டத்துப் பேரேட்டில், கப்பலேற்றிய பதிவில் அவன் ஊரும் சாதியும் இருக்கலாம். அதைத் தேட ஆய்வு மாணவர்கள் வேண்டும்.

மகள் நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள். நூற்றுக்கு ஐந்து வட்டியில் வெளியே வாங்கினார்கள். நாட்டுரிமை என்னவென்று வட்டிக்காரன் கேட்கவில்லை.

இரண்டு வழக்கறிஞர் தோழர்களோடு அந்த முகாமுக்குப் போகிறோம். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பட்டியலை முதலில் எடுக்கிறோம். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு மனு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிற, கையெழுத்து நன்றாக இருக்கிற மாணவர்கள் நாலைந்து பேர் வந்தால் போதும்.