மொழிபெயர்ப்பாளர் ஆக என்ன படிக்கணும்? ஃபீஸ் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு டெஸ்ட்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சில வீடுகளில் நடக்கும் பேச்சு இது.

"அப்பா, நான் டிரான்ஸ்லேட்டர் ஆகப்போறேன்."

"அதுக்கு எதுக்கும்மா மூணு வருஷம் காலேஜு? இந்த போனே பண்ணிடுதே!"

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் இந்தி மெசேஜை போன் ஒரு நொடியில் தமிழாக்கிக் காட்டுகிறது. காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் பாஸ் என்று கணக்குப் போடும் ஒருவர், 'இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா?' என்று கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்வியில் பாதி சரி. எளிய வாக்கியங்களை மாற்றித் தருவதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் வேலையை போன் எடுத்துக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியில்தான் இந்தத் தொழிலின் எதிர்காலம் இருக்கிறது. மகள் படிக்க வேண்டியதும் அதைத்தான்.

போன் தடுமாறும் இடம்

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'போக்குவரத்துச் செலவை வி ஏற்போம்' என்பது அதில் ஒரு வரி. அந்த 'வி' தமிழில் 'நாம்' ஆகுமா, 'நாங்கள்' ஆகுமா?

'நாங்கள்' என்றால் மொத்தச் செலவும் அவர்களுடையது. 'நாம்' என்றால் திருப்பூர்காரரும் பங்கு போட வேண்டும். கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல், சேர்க்காமல் சொல்ல ஒரு சொல் என்று தமிழில் இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றுதான். போன் ஏதாவது ஒன்றை எழுதிவிட்டுப் போய்விடும். முந்தைய கடிதங்களைப் படித்து, பேரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்த மொழிபெயர்ப்பாளர்தான் சரியான சொல்லைப் போடுவார். தெரியவில்லை என்றால், 'இதில் எது?' என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி தோன்றுவதுதான் திறமை.

மருத்துவமனையில் இது இன்னும் தீவிரம். 'மயக்கமா வருது' என்று பாட்டி சொன்னால் அது தலைசுற்றலாக இருக்கலாம், நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. 'நாளைக்கு ரெண்டு மாத்திரை' என்றால் தினம் இரண்டா, விடிந்ததும் இரண்டா?

1980-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தினர் ஸ்பானிஷ் பேசும் கியூபா வம்சாவளியினர். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் 'இன்டாக்ஸிகாடோ' என்ற சொல்லைச் சொன்னார்கள். மருத்துவர்கள் அதைப் போதை மருந்து மிகையானதாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. அது தெரிவதற்குள் கைகால்கள் செயலிழந்துவிட்டன. அவரது வாழ்நாள் முழுவதற்குமாகச் சேர்த்து சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்பந்தமானது. இரண்டு தரப்பும் ஓரளவு பேசிக்கொள்ள முடிந்ததால், நடுவில் முறையாகப் பயின்ற ஒருவர் தேவை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

'ரெண்டு மொழியும் தெரியும்' என்பதற்கும் 'மொழிபெயர்க்கத் தெரியும்' என்பதற்கும் நடுவே உள்ள தூரம் இதுதான்.

எழுதுபவரா, பேசுபவரா?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. டிரான்ஸ்லேட்டர் எழுத்தை எழுத்தாக மாற்றுபவர். அகராதி பார்க்கலாம், அடித்துத் திருத்தலாம், நாளை காலை மறுபடி படிக்கலாம். தனியாக உட்கார்ந்து ஒரே பக்கத்தை நாலு தடவை சரிபார்க்கப் பொறுமை வேண்டும்.

இன்டர்பிரிட்டர் பேச்சைப் பேச்சாக மாற்றுபவர். அவருக்கு அகராதி புரட்ட நேரம் கிடையாது. எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் குறிப்பைப் பார்த்து மொத்தமாகச் சொல்வது ஒரு முறை. அவர் பேசப் பேசவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு கூடவே சொல்லிக்கொண்டு போவது இன்னொரு முறை. நாடாளுமன்றத்தில் நம் எம்.பி-க்கள் தமிழில் பேசும்போது, மற்ற உறுப்பினர்களின் காதுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேருவது இப்படித்தான். மூளையைப் பிழிந்தெடுக்கும் வேலை என்பதால் இதில் பொதுவாக இரண்டு பேர் சேர்ந்து அமர்ந்து, 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள்.

இந்த வேலைக்குத் தமிழ் மண்ணில் பழைய பெயரே உண்டு: துபாஷி. இரண்டு மொழி பேசுபவர் என்று அர்த்தம். 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் தலைமை துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழில் எழுதிய நாட்குறிப்புக்காக இன்றும் பேசப்படுகிறார். அவர் வணிகரும்கூட. துணி வியாபாரமும் அரசியலும் தெரிந்ததால்தான் அவர் மொழிக்கு மதிப்பு இருந்தது.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன், செலவே இல்லாமல் இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம்.

எழுத்துக்கு: பீரோவில் இருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுங்கள். எந்தெந்தச் செலவுக்குப் பணம் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். ஒரு நாள் அப்படியே வைத்துவிடுங்கள். மறுநாள், ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'அப்படின்னா?' என்று அவர் எத்தனை இடத்தில் நிறுத்துகிறார் என்று எண்ணுங்கள். அதே பக்கத்தை போனில் மொழிபெயர்த்து அதையும் வாசித்துக் காட்டுங்கள்.

பேச்சுக்கு: ஆங்கிலச் செய்தி ஒன்றை ஒரு நிமிடம் கேட்டு நிறுத்துங்கள். கேட்டதைத் தமிழில் சொல்லி போனில் ரெக்கார்டு செய்யுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஊர்ப் பெயர், எண்கள், 'இல்லை' என்ற மறுப்பு இந்த மூன்றும் தப்பாமல் வந்ததா என்று மட்டும் பாருங்கள். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஒரு மாதம், தினம் அரை மணி நேரம் இதைச் செய்த பிறகும் அலுக்கவில்லை என்றால் ஆர்வம் நிஜம். முதல் வாரத்திலேயே சலித்தால் அதுவும் நல்லதே. மூன்று வருட ஃபீஸ் மிச்சம்.

இந்த டெஸ்ட் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பலருக்கு இடறுவது ஆங்கிலம் அல்ல, தமிழ். ஐக்கிய நாடுகள் சபையில்கூட மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்கிறார்கள். ஆகவே, புது மொழி கற்க எவ்வளவு நேரம் செலவிடுகிறோமோ அதே அளவு நேரம் தமிழ் வாசிப்பதற்கும் வேண்டும்.

மூன்று வழிகள்

*மொழியையே பட்டமாகப் படிப்பது:* தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே இருக்கும். வெளிநாட்டு மொழி என்றால் டெல்லி ஜே.என்.யூ-வில் ஜப்பானியம், கொரியன், சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன் ஆகியவற்றில் பி.ஏ ஆனர்ஸ் உண்டு. க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகமும் இதற்கெனவே இருப்பது. ஆனால், இலக்கியப் பட்டம் மட்டும் மொழிபெயர்ப்பைக் கற்றுத் தந்துவிடாது. மேலே தனிப் பயிற்சி தேவை. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புத் துறை இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோ தொலைநிலைக் கல்வியில் மொழிபெயர்ப்பில் முதுநிலை டிப்ளமோ உண்டு.

*ஒரு துறை, கூடவே ஒரு மொழி:* பி.காம், சட்டம், நர்சிங், மெக்கானிக்கல் என ஏதாவது ஒன்றைப் படித்துக்கொண்டே மாலை நேரத்தில் மொழி கற்பது. சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு கதே இன்ஸ்டிட்யூட், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே - ஏ.ஓ.டி.எஸ் தோசோகாய், கொரியனுக்கு இன்கோ சென்டர் என்று நிலையங்கள் இருக்கின்றன. ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். இன்டர்பிரிட்டர் வேலைக்குப் பொதுவாக என்2 அல்லது அதற்கு மேல் எதிர்பார்ப்பார்கள். என்5 முடித்ததும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பா கவனிக்க வேண்டிய வழி இது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஜப்பான், கொரியா தொடர்புள்ள தொழிற்சாலைகள் என்று வேலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே பிரஸ் ஷாப்பில் 'டை மாத்தணும்' என்றால் தலைக்குப் பூசும் டை இல்லை, தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சு என்று தெரிந்தவர் வேண்டும். மொழியோடு மெஷினும் தெரிந்தவரை இழக்க நிறுவனம் யோசிக்கும்.

*தகுதி வரையறுத்த தனி வேலைகள்:* மத்திய அரசு அலுவலகங்களில் இந்தி - ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பணிக்கு எஸ்.எஸ்.சி தேர்வு நடத்துகிறது. முதுகலைப் பட்டத்துடன், டிகிரி அளவில் இந்தி, ஆங்கிலம் இரண்டும் பாடமாகவோ பயிற்றுமொழியாகவோ இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. மொழிபெயர்ப்பு டிப்ளமோவோ பணி அனுபவமோ கேட்பார்கள். ஆகவே, காலேஜில் சேரும்போதே பகுதி ஒன்றில் எந்த மொழி எடுக்கிறோம் என்பது முக்கியமாகிவிடும். பி.ஏ முடித்த பிறகு யோசித்தால் தாமதம்.

பலரும் நினைக்காத இன்னொரு கதவு, சைகை மொழி. காது கேளாதவர்களுக்கும் மருத்துவர், நீதிபதி, பேங்க் மேனேஜருக்கும் நடுவில் நிற்கும் வேலை. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த 'இந்திய சைகை மொழி இன்டர்பிரிட்டிங்' டிப்ளமோவில் பிளஸ் டூ முடித்ததும் சேரலாம்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

'மொழிபெயர்ப்பு' என்று பெயர் போட்ட படிப்பெல்லாம் ஒன்றல்ல. அட்மிஷன் நாளன்று இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

1. ஒரு செமஸ்டரில் மாணவர் எத்தனை பக்கம் மொழிபெயர்ப்பார்? அதை வரிக்கு வரி திருத்தித் தருவது யார்?

2. பேச்சு மொழிபெயர்ப்புக்கு ஹெட்போன், ரெக்கார்டிங் வசதியோடு லேப் இருக்கிறதா?

3. மெஷின் மொழிபெயர்த்ததைச் சரிபார்த்துத் திருத்தக் கற்றுத் தருகிறார்களா? இன்று நிறுவனங்கள் தரும் வேலையில் பெரும் பங்கு இதுதான்.

4. கடந்த ஆண்டு மாணவர்களின் புராஜெக்டைப் பார்க்கலாமா?

கோட்பாடும் வரலாறும் மட்டுமே சிலபஸில் இருந்தால், எழுதும் கை பழகாது.

வருமானம் எப்படி?

ஒளிக்காமல் சொன்னால், தொடக்கத்தில் குறைவு. எழுத்து வேலைக்குச் சொல் கணக்கில் அல்லது பக்கக் கணக்கில் பணம். பேச்சு வேலைக்கு மணி அல்லது நாள் கணக்கு. தனியாகச் செய்பவர்களுக்கு ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் எதுவும் வராது. மெஷின் வரைவைத் திருத்தும் வேலைக்கு, புதிதாக மொழிபெயர்ப்பதைவிடக் கூலி குறைவு. துறை அறிவு உள்ளவர்கள் இந்த நெருக்கடியைக் கொஞ்சம் எளிதாகத் தாண்டுகிறார்கள்.

இலக்கிய மொழிபெயர்ப்பில் புகழ் உண்டு. 2025-ல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்கு சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது, 50,000 பவுண்டு பரிசுத் தொகையில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்திக்கு. 2023-ல் பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' நாவல் ஆங்கிலத்தில் ஜே.சி.பி பரிசு வென்றது. எழுத்தாளருக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம். ஜனனி படித்தது கட்டடக் கலை. விருது ஒரு சிலருக்குத்தான் கிடைக்கும். அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது. ஆனால், மொழிபெயர்ப்பாளர் ஆக ஒரே ஒரு பட்டம்தான் வாசல் என்பதில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அப்பாவுக்கு என்ன பதில்?

வாதாடி ஜெயிக்க வேண்டாம். பீரோவிலிருந்து எடுத்த அந்த இன்ஷூரன்ஸ் பக்கத்தை அவர் முன்னால் வையுங்கள். ஒரு பக்கம் போன் தந்த தமிழ், இன்னொரு பக்கம் மகள் எழுதிய தமிழ். எதைப் படித்தால், ஆஸ்பத்திரியில் நிற்கும்போது எந்தச் செலவுக்குப் பணம் வராது என்று அவருக்கு முதல் வாசிப்பிலேயே புரிகிறது?

மகள் எழுதியது என்றால், ஃபீஸ் பற்றிய பேச்சை அன்று இரவே தொடங்கலாம். போன் தந்ததுதான் என்றால், இன்னும் ஒரு மாதம் பயிற்சி செய்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி எழுதிப் பார்க்கலாம். பாலிசி பீரோவிலேயேதான் இருக்கும்.