விட்டு விட்டுப் பாடுது

கம்ப்யூட்டர் செத்துப்போனால் நாலு பேராவது துக்கம் விசாரிப்பார்கள். திரை கறுத்து, வரிவரியாகப் பிழைச் செய்தியைக் கக்கிவிட்டு நின்றுபோனால் அதைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். பார்க்கிறவரும் "அடடா" என்பார். மெதுவாக ஓடுகிறது என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "எத்தனை வருஷத்து லேப்டாப்? மாத்திடுங்க சார்." அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. மூன்று வாரமாக இந்த ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

லேப்டாப் பழசுதான். நாலு கோர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் வரை இதே பழசு ஒழுங்காக ஓடியதே! சோதனைக் கெர்னலைப் போட்ட நாளிலிருந்துதானே இந்த இழுவை?

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். முதல் இரண்டு வாரம் உலகம் முழுக்க இருந்து மாற்றங்களைக் கொட்டுவார்கள், கிட்டத்தட்டப் பன்னிரண்டாயிரம் சேரும். அப்புறம் வாரம் ஒரு சோதனைப் பதிப்பு. கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அமெரிக்காவில் ஞாயிறு மதியம் வெளியிடுவது நமக்குத் திங்கள் விடிகாலையில் வந்து சேரும். அதை இறக்கி, கம்பைல் செய்து, அதிலேயே பூட் பண்ணி, எது உடைந்திருக்கிறது என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது. "அப்ப எதுக்குடா?" என்று அம்மா கேட்கிறாள். மற்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறார்களே, அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் அதற்கும் திட்டு விழும்.

என் சோதனை சாதாரணமானது. ஒரு ஜன்னலில் கெர்னல் கம்பைல் ஓடும், எட்டு வேலைகள் ஒரே நேரத்தில். இன்னொன்றில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். நாதஸ்வரத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். சினிமாப் பாட்டில் தாள வாத்தியச் சத்தத்துக்கு நடுவே சின்ன வெட்டு விழுந்தால் காதுக்குப் பிடிபடாது. நீளமாக நிற்கிற கார்வையில் இமை நேரம் விக்கினாலும் முதுகுத்தண்டில் தெரியும். புதுக் கெர்னலில் விக்கியது. பழையதில் விக்கவில்லை. எனக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் கெர்னல் எழுதுகிறவர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டுமே. "நாதஸ்வரம் விக்குகிறது" என்று எழுதினால் யார் மதிப்பார்கள்?

எந்தப் புரோகிராமுக்கு எப்போது கோர் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் மேல்தான் எனக்குச் சந்தேகம். கெர்னலின் அந்தப் பகுதியை அப்பாவுக்கு விளக்கப் போய், கல்யாணப் பந்தியில் வந்து நின்றேன். இலைகள்தான் கோர்கள். சாப்பிட வந்தவர்கள் புரோகிராம்கள். இலை நாலு, ஆள் நானூறு. ஒருவரையும் முழுசாகச் சாப்பிட விட மாட்டார்கள். இரண்டு வாய், எழுந்திரு, அடுத்த ஆள். 2007 அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து பதினாறு வருஷம், இதுவரை யார் குறைவாகச் சாப்பிட்டாரோ அவரை உட்கார வை என்பதுதான் அடிப்படை விதி. இங்கோ மோல்னார் எழுதியது. 2023-ல் வந்த 6.6 பதிப்பில் பீட்டர் ஜில்ஸ்ட்ரா அதை மாற்றினார்: பாக்கி உள்ளவர்களில் யாருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறதோ அவரை முதலில் கூப்பிடு. அந்தக் கணக்கு 1995-லேயே அயான் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்தெல்-வஹாபும் எழுதி வைத்தது. "பரிமாறுறவனுக்கு இவ்ளோ கணக்கா? பந்தி முடிஞ்ச மாதிரிதான்" என்றார் அப்பா. தப்பாகச் சொல்லவில்லை. யாரை உட்கார வைப்பது என்று யோசிக்கும் நேரமும் இலையின் நேரத்திலிருந்துதான் போகிறது.

என்னைப் போலவே புலம்பியவர் ஒருவர் உண்டு. கான் கோலிவாஸ், ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டர். பெரிய சர்வர்களுக்காகவே எல்லாரும் அளந்துகொண்டிருந்தபோது, வீட்டு மேசையில் மவுஸ் இழுபடுகிறதே, பாட்டு வெட்டுகிறதே என்று கேட்டவர். மேசைக் கம்ப்யூட்டரின் இழுவையை அளக்க அளவுகோலே இல்லை என்று தானே ஒரு சோதனை புரோகிராமும் எழுதினார். நியாயமான பங்கீடு என்ற யோசனையில் அவர் எழுதிய ஷெட்யூலரை விட்டுவிட்டு, அதே யோசனையில் மோல்னார் எழுதியதைச் சேர்த்துக்கொண்டார்கள். மோல்னார் பெருந்தன்மையாக அவர் பெயரைக் குறிப்பிட்டார், அது வேறு. மனிதர் 2007-ல் கெர்னல் வேலையையே விட்டுவிட்டுப் போய், 2009-ல் ‘பிஎஃப்எஸ்’ என்ற புது ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். நடு எழுத்தின் விரிவை வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. அவ்வளவு கோபம். முதலில் படித்தபோது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இந்த மூன்று வாரத்தில் எனக்கு அந்த எழுத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

நம் பக்கத்து ஆள் கையும் இதில் இருக்கிறது. ஷெட்யூலர் கோப்பைத் திறந்தால் மேலேயே ஐபிஎம், 2007, ஸ்ரீவத்ஸ வட்டகிரி என்று எழுதியிருக்கும். ஒரே வேனில் வந்த இருபது பேரை இருபது தனி ஆளாக எண்ணாமல் ஒரு குடும்பமாகக் கணக்கு வைக்கும் ஏற்பாடு அவருடையது. அதன் மேல் மைக் கேல்பிரெய்த் எழுதிய இருநூற்றுச் சொச்சம் வரிகள் 2011-ல் வந்த 2.6.38-ல் சேர்ந்தன. கம்பைல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பிரவுசர் பக்கம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து டோர்வால்ட்ஸே மனம் விட்டுப் பாராட்டினார். ஆக, கம்பைல் வேனில் வந்தவர்கள் எத்தனை பேரானாலும் காருக்குறிச்சியாருக்கு இலை கிடைத்தாக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். இப்படித்தான் நான் தீர்மானித்துக்கொண்டேன்.

தீர்மானத்துக்குத் தெம்பு தந்தது 2016-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. லினக்ஸ் ஷெட்யூலர் பத்து வருஷமாகக் கோர்களை வீணடித்திருக்கிறது என்று தலைப்பிலேயே அடித்திருந்தார்கள். லோசி என்பவரும் கூட்டாளிகளும் 64 கோர் மெஷினில் நாலு பிழைகளைப் பிடித்தார்கள். ஒன்றைக் கேளுங்கள்: மண்டபத்தில் பல கூடங்கள். ஒரு கூடத்தில் ஒரு பெருந்தீனிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கூடத்தின் சராசரியைப் போட்டுப் பார்த்த மேற்பார்வையாளர், இங்கே நல்ல கூட்டம் என்று எழுதிவிட்டார். பக்கத்து இலைகள் காலி! அடுத்த கூடத்திலோ ஆட்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இதைத் திருத்தியதும் கெர்னல் கம்பைல் நேரமே 13 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் வேறு சில கணிதப் புரோகிராம்கள் பல மடங்கு இழுத்திருந்தன. பத்து வருஷம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எதுவும் நிற்கவில்லை, வேலை முடிந்துகொண்டுதான் இருந்தது. மெதுவாக.

இந்த மாதிரி வியாதியைச் செவ்வாய்க் கிரகத்துக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். 1997 ஜூலையில் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திடீர் திடீரென்று தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. சாதாரண வேலை ஒன்று பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்க, நடுத்தர வேலைகள் அதை நகர விடாமல் தடுக்க, அவசர வேலை வாசலில் காத்திருந்தது. காவல் கடிகாரம் பொறுமை இழந்து ரீசெட் அடித்தது. பூமியில் சோதித்தபோதே ஓரிரு முறை தலைகாட்டியதுதானாம். மறுபடி வரவழைக்க முடியவில்லை, இறங்குகிற வேலை தலைக்கு மேல் இருந்தது, விட்டுவிட்டார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நெய்வேலிப் பக்கத்து வடக்குத்தில் நாதஸ்வரம் விக்குவதை யார் விசாரிப்பார்கள்?

சரி, குற்றவாளியை நானே பிடிக்கிறேன் என்று பைசெக்ட் ஆரம்பித்தேன். பன்னிரண்டாயிரம் மாற்றங்களைப் பாதியாக வெட்டு, நடுவில் உள்ளதைக் கம்பைல் செய்து பூட் பண்ணு, நல்லதா கெட்டதா சொல்லு, மறுபடி பாதி. பதினாலு தடவையில் ஒற்றை மாற்றத்தில் வந்து நிற்கும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. தடவைக்கு முக்கால் மணி நேரம் கம்பைல். எந்த மெஷின் மெதுவாக இருக்கிறது என்று புகாரோ, அதே மெஷினில்! கால் வலிக்கு வைத்தியரிடம் நடந்தே போகிற கதை.

நடுவில் கரண்ட். நெய்வேலிக் கரண்ட் கர்நாடகத்துக்குப் போகிறது, ஆந்திராவுக்கும் கேரளாவுக்கும் புதுச்சேரிக்கும் போகிறது. நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற என் வீட்டில், ஏழாவது கம்பைல் முக்கால்வாசி போனபோது ஃபேன் நின்றது. பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும். தாங்கினாலும், பேட்டரிக்கு மாறியதுமே பிராசஸர் வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அளந்தால் எந்தக் கெர்னலும் கெட்டதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் ஒருமுறை அளந்து ‘கெட்டது’ என்று போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து உறைத்தது. பழையபடி முதலிலிருந்து.

அளக்கிற கருவியும் ஒத்துழைக்கவில்லை. எந்த வேலை எவ்வளவு நேரம் இலைக்குக் காத்திருந்தது என்று குறித்து வைக்க ‘பெர்ஃப்’ என்று ஒன்று உண்டு. அதை ஓட விட்டால் விக்கல் அடிக்கடி வந்தது. அளக்கிறவனும் பந்தியில் உட்கார்ந்துவிட்டானே! எடுத்துவிட்டால் விக்கல் குறைந்தது, குறிப்பும் இல்லை. டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகிற இருமல் மாதிரி.

எட்டு நாள் போய்ப் பதினாலாவது தடவை முடிந்தது. முதல் கெட்ட மாற்றம் இதுதான் என்று அதன் எண்ணைத் திரையில் போட்டது. கை நடுங்க (மிகை இல்லை) திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு டிரைவர் கோப்பில், விளக்கக் குறிப்பு ஒன்றில், ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துப் பிழை திருத்தியிருந்தார்கள். ஓர் எழுத்து. அதுவும் கம்பைலர் படிக்காமலே தாண்டிப் போகும் இடத்தில். அந்த டிரைவருக்குரிய சாதனம் என்னிடம் கிடையாது.

இரண்டாம் தடவை பைசெக்ட் வேறொரு மாற்றத்தைக் காட்டியது. அது ஆவணக் கோப்பு.

அன்று சாயங்காலம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் கன்வேயர் பார்த்தவர். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். உள்ளே இருக்கிற எண்கள் அவருக்கு ஒன்றும் புரியாது. ஓரத்தில் நான் மணி எழுதியிருந்தேன்.

"தம்பி, இது லாக் புக் மாதிரிதானே? நைட் ஷிஃப்ட்ல பூரா நல்லதுன்னு எழுதியிருக்க. பகல்ல பன்னண்டுலேருந்து நாலு வரைக்கும் எல்லாம் கெட்டது."

நான் பேசாமல் இருந்தேன்.

"வெட்டுற பக்கெட் வீல் நிக்குதுன்னு கண்ட்ரோல் ரூம்ல கத்துவானுங்க. போய்ப் பார்த்தா மெஷின்ல ஒண்ணும் இருக்காது. பின்னாடி ஏதாச்சும் ஒரு பெல்ட் நின்னிருக்கும். அது நின்னா முன்னாடி வரைக்கும் எல்லாம் நிக்கணும், அப்படித்தான் இன்டர்லாக். உன்னுது எது நிக்குதுன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தது: கோர் சூடு வரம்பு தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது. நான்தான் அந்த நாட்குறிப்பில் ‘ஷெட்’ என்ற எழுத்துகள் வரும் வரிகளை மட்டும் சலித்தெடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சூட்டால் வேகம் குறைத்த எண்ணிக்கை தனியாக ஒரு கோப்பில் இருக்கும். நான்கு இலக்கம். அக்னி நட்சத்திரத்தில், ஓட்டு வீட்டு மாடி அறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டு வேலை கம்பைல். பின்பக்கத்தைக் கழற்றினோம். ஃபேன் இறகுக்கும் செம்பு வரிகளுக்கும் நடுவே செம்மண் தூசி மெத்தை போட்டுப் படுத்திருந்தது. அப்பா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா எட்டு நாளு?" என்றாள். எட்டில்லை, இருபது.

எழுத்துப் பிழை திருத்திய அந்த முகம் தெரியாத நல்லவரை மனசுக்குள் எத்தனை திட்டியிருப்பேன்!

சுத்தம் செய்த பிறகு சூட்டு எண்ணிக்கை ஏறவில்லை. பகலிலும் ராத்திரியிலும் ஒரே வேகம். இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? நேற்று ராத்திரி, காற்று சில்லென்று இருக்க, கரண்ட் நிலையாக இருக்க, புதுக் கெர்னலில் கம்பைலை ஓட விட்டுக் காருக்குறிச்சியாரை வைத்தேன். ஆலாபனை மேலே போய் ஓர் இடத்தில் நின்றது. நீளமான கார்வை. நடுவில் ஒரு விக்கல்.

என் மனப்பிராந்தியாக இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். கீழே திண்ணையில் படுத்திருந்த அப்பாவின் குரல் வந்தது.

"டேய், இப்ப ஒரு தரம் விட்டுச்சு."

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. நோட்டில் புதுப் பக்கம் புரட்டி எழுதிக்கொண்டேன்.