உப்பு எது, நாய்ஸ் எது?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கிருந்து கிழக்கே போனால் கழுவேலி. அதன் வடகிழக்கே, கடலை ஒட்டி, மரக்காணம் உப்பளங்கள். கேமரா கையில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டமான இடம்தான். ஆனால் ஒரு சங்கடம். இங்கே பார்க்க வேண்டியதில் பாதி, சூரியன் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். வெயில் ஏறினால் உப்பளத்தில் நிற்க முடியாது. அதனால் தொழிலாளர்கள் இருட்டோடு இருட்டாகப் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார்கள். கழுவேலியில் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவதும் விடியற்காலையில்தான்.

அந்த அரையிருட்டில் படம் எடுக்க ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று ஏற்றத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் படம் முழுக்க ரவையைத் தூவிவிட்ட மாதிரி புள்ளிகள். இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். (நாலுகால் பிராணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :-))

உடனே எல்லோரும் கேட்பது, "எந்த மென்பொருளில் இதை நீக்கலாம்?" என்று. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. படத்தைத் திருத்தும் வேலையில் எந்தக் கட்டத்தில் இதை நீக்குவது? ஷார்ப்பன், கான்ட்ராஸ்ட், நிறம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தவறான வரிசை. நாய்ஸ் நீக்கத்தை முதலிலேயே செய்ய வேண்டும். அதையும் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், நாய்ஸ் எங்கிருந்து வருகிறது? தூறல் விழும்போது முற்றத்தில் ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களை வையுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. கொட்டுகிற மழையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கேமரா சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இப்படி ஒரு கிண்ணம், ஒளித்துகள்தான் துளி. 10,000 துகள் விழுகிற இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். ஆக, குற்றவாளி ஐ.எஸ்.ஓ. அல்ல, வெளிச்சக் குறைவு.

இப்போது வரிசைக்கு வருவோம். ஷார்ப்பன் என்ன செய்கிறது? பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக்குகிறது. நாய்ஸ் என்பதே பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே உள்ள தேவையில்லாத வித்தியாசம்தான்! ஆக முதலில் ஷார்ப்பன் செய்தால், களைக்கும் சேர்த்து உரம் போட்ட கதை. கான்ட்ராஸ்ட் கூட்டுவதும், இருண்ட பகுதியைத் தூக்கிவிடுவதும் அப்படித்தான். நிழலை நாலு மடங்கு வெளிச்சமாக்கினால் அதிலுள்ள புள்ளிகளும் நாலு மடங்காகும்.

ரா கோப்பில் எடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஒரு பிக்சல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறை இது. மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. ஒரு பிக்சலில் பிழை இருந்தால் இந்த ஊகத்தில் அது பக்கத்துக்கும் பரவி, தனிப் புள்ளி திட்டாகிவிடும். திட்டைத் துடைப்பது புள்ளியைத் துடைப்பதைவிடக் கஷ்டம். லைட்ரூமில் 2023-ல் டீநாய்ஸ் வசதி வந்தபோது, அதை ஆரம்பத்திலேயே செய்துவிடும்படி அடோபியே சொன்னது.

"நிழலைத் தூக்கின பிறகுதானே நாய்ஸ் எவ்வளவு இருக்கிறது என்றே தெரிகிறது? முன்னாடியே எப்படித் துடைப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்ப்பது பிறகு, செய்வது முன்பு. லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவற்றில் இது பெரிய பிரச்சினையே இல்லை. எந்தப் பட்டையை நீங்கள் முதலில் நகர்த்தினாலும் மென்பொருள் தன் வரிசைப்படிதான் கணக்குப் போடும். போட்டோஷாப், கிம்ப் போன்றவற்றில்தான் கவனம் தேவை. மேலே ஒரு தற்காலிக லேயர் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். நாய்ஸ் தெரியும். அடியில் உள்ள படத்தில் அதை நீக்கிவிட்டு, தற்காலிக லேயரை அழித்துவிடுங்கள்.

முதலில் என்பது புரிந்தது, கொஞ்சமாக என்பது ஏன்? இதற்குப் பதில் மரக்காணத்தில்தான் இருக்கிறது.

படச் செயலாக்கப் பாடப்புத்தகங்களில் ஒருவகை நாய்ஸுக்குப் பெயரே 'உப்பு மிளகு நாய்ஸ்'. அங்கங்கே வெள்ளை வெளேரென்றும் கன்னங்கரேலென்றும் தெறித்துக் கிடக்கும் புள்ளிகள். அதை நீக்க ஒரு பழைய வழி, ஒரு பிக்சலையும் சுற்றியுள்ள எட்டையும் எடுத்து, ஒன்பதையும் மங்கலிலிருந்து பிரகாசம் வரை வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள ஐந்தாவதை வைத்துக்கொள்வது. தனியாகத் தெறித்த வெள்ளைப் புள்ளி காணாமல் போய்விடும். நல்ல உத்திதான். ஆனால் உப்புக் குவியலைப் படம் எடுத்து அதில் இதைச் செய்து பாருங்கள். விடியல் வெளிச்சத்தில் மினுங்குகிற உப்புப் பரலும் தனியாகத் தெறித்த ஒரு வெள்ளைப் புள்ளிதானே? மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். நிஜ உப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டு மாவுக் குவியலைக் கையில் கொடுக்கும்.

உப்பு போனால்கூடப் பரவாயில்லை. அதை வாருகிறவரின் கையும் காலும் உப்புநீரில் ஊறி வெடித்திருக்கும். அந்த வெடிப்புகளும் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும்தான். பட்டையைக் கடைசிவரை இழுத்தால் தோல் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அந்த மனிதரின் உழைப்புக்குச் சாட்சியாக இருக்க வேண்டிய படம், சோப்பு விளம்பரமாகிவிடும்.

பறவைப் படத்திலும் இதே ஆபத்து. கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பறவை வந்தது என்பதற்குப் படம் ஓர் ஆதாரம். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதைப் போலவே தோற்றமளிக்கும் டெம்மிங்க் உள்ளானுக்குக் கால் மஞ்சள் சாயல். நிற நாய்ஸைப் பொதுவாகத் தாராளமாகவே நீக்கலாம், ஏனென்றால் நிறத்தின் நுணுக்கத்தை நம் கண் அவ்வளவு கவனிப்பதில்லை. ஆனால் அளவு மீறினால் குச்சி போன்ற அந்தக் காலின் மஞ்சளும் வெளுத்துப் போகும். எந்த உள்ளான் என்று பிறகு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பவர்களும் உண்டு. பழைய மென்பொருள்களைவிட அது பிரமாதமாக வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அது தான் பார்த்துப் பழகிய படங்களை வைத்து, இங்கே இறகு இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் இல்லாத இறகு முளைக்கும். பழைய முறை இருப்பதை அழித்தது, இது இல்லாததைச் சேர்க்கவும் கூடும். இரண்டில் இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. பல படங்களுக்கு இந்த வேலையே தேவைப்படாது. 6000 × 4000 பிக்சல் படத்தை இணையத்தில் போட 1500 × 1000 ஆகச் சுருக்கினால், 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாகும். அந்தச் சராசரியிலேயே நாய்ஸ் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துப் பதறாமல், படம் கடைசியில் எந்த அளவில் பார்க்கப்படுமோ அந்த அளவில் பார்த்து முடிவெடுங்கள்.

சுருக்கமாக வரிசை இதுதான்: நாய்ஸ் நீக்கம், பிறகு வெளிச்சமும் நிறமும், பிறகு அளவைச் சுருக்குதல், கடைசியில் ஷார்ப்பன். மூலக் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். பட்டையை இழுக்கும்போது, படத்தில் எது உப்பு, எது நாய்ஸ் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அன்று விடியற்காலையில் அந்தப் பாத்தி ஓரம் நின்றவருக்குத்தான் தெரியும்.