ஓசை எழுப்பாத இசைஞர்

'நடத்துநர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் முதியோருக்கு, முன்னாளில் பேருந்தில் பயணச்சீட்டுக் கிழித்துக் கொடுத்தவரே நினைவுக்கு வருவார். இசையுலகிலும் நடத்துநர் ஒருவர் உண்டு. எண்பது, நூறு பேர் கருவிகளோடு அமர்ந்திருக்க, அவர்கள் முன்னால் கையில் சிறு கோலோடு நிற்பவர் அவர். மேடையில் எந்த ஓசையும் எழுப்பாத ஒரே இசைஞர் அவர்தாம். அத்தகையோருள்ளும் சிறுவர், இளைஞர் இசைக்குழுக்களை நடத்துவோரைப் பற்றியும், அவர்களிடமிருந்து நம் பள்ளிகள் கற்க வேண்டியதைப் பற்றியும் எங்கள் கருத்தை இங்கே எழுத விரும்புகிறோம்.

முதலில் அவருடைய பணி யாதெனக் காண்போம். குழுவில் வயலின் வாசிக்கும் பிள்ளையின் முன்னால் வயலினுக்குரிய இசைக்குறிப்பு மட்டுமே இருக்கும். நடத்துநரின் ஏட்டிலோ அத்தனை கருவிகளின் குறிப்புகளும் ஒரே பக்கத்தில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். வலக்கை காலத்தைக் காட்ட, இடக்கை ஓங்கவும் அடங்கவும் குறிப்புத் தரும். யார் எப்பொழுது தொடங்க வேண்டும், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை அவரே காட்டுவார்.

துவோர்ஷாக் என்பவர் இயற்றிய 'புதிய உலகம்' என்னும் சிம்பொனி 1893-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அரங்கேறியது. ஏறத்தாழ 40 நிமிடம் ஒலிக்கும் அந்த இசையில் பெருந்தாளம் தட்டுபவருக்கு ஒரேயொரு தட்டல்தான் உண்டு. அந்த ஒன்றுக்காக அவர் கடைசிப் பகுதி வரையில் காத்திருக்க வேண்டும். முதல் வரிசையில் இடைவிடாது வாசிப்பவரையும், ஒரே தட்டலுக்காகக் காத்திருப்பவரையும் ஒன்றுபோல் கண்ணில் வைத்திருப்பவரே நல்ல நடத்துநர். வகுப்பறைக்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்?

தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு என்றொருவர் இருந்தார். பொருளியல் கற்றவர், இசையும் பயின்றவர். 1975-ஆம் ஆண்டில் கராக்கஸ் நகரில் அவர் இளைஞர் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார். நூறு பேர் வருவர் என்று எதிர்பார்த்து ஏற்பாடு செய்திருந்த முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர் 11 பேரே. அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடவில்லை. அந்தப் பதினொருவரை வைத்துக்கொண்டே தொடங்கினார். 'எல் சிஸ்தேமா' என்று உலகம் இன்று அறியும் அந்த இயக்கம், பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு, அவர்களுள் மிகப் பலர் ஏழைகள், கருவியும் பயிற்சியும் அளித்தது. அப்ரேயு 2018-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அந்த இயக்கத்தில் வளர்ந்தவர் குஸ்தாவோ துதமேல். 1981-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சிறு வயதில் பொம்மைகளை இசைக்குழுபோல் வரிசையாக அடுக்கி, இசைத்தட்டை ஒலிக்கவிட்டு, அவற்றின் முன்னின்று கையசைத்துப் பழகினாராம். 18-ஆம் வயதிலேயே நாட்டின் இளைஞர் இசைக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். 2009-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநரானார்.

கோல் பிடித்தவரின் கடமை மேடையோடு முடிந்துவிடுவதில்லை. 2017-ஆம் ஆண்டில் வெனிசுவேலாவில் நடந்த அரசியல் கிளர்ச்சியின்போது, அந்த இயக்கத்தில் வயோலா வாசித்துவந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அப்பொழுது துதமேல் தம் நாட்டு அரசைக் கண்டித்து வெளிப்படையாகப் பேசினார். அதன்பின், அவர் அந்நாட்டின் தேசிய இளைஞர் இசைக்குழுவோடு மேற்கொள்ளவிருந்த அமெரிக்கப் பயணம் நிறுத்தப்பட்டது. தம்மை நம்பி முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தீங்கு வரும்போது வாய்மூடி நிற்பவர், அவர்களை நடத்தத் தகுதியுடையவர் அல்லர் என்பதே எங்கள் கருத்து.

'அவர்களிடம் பணம் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பராகுவே நாட்டைக் காட்டுவோம். தலைநகர் அசுன்சியோனை அடுத்த கத்தேயுரா என்னுமிடத்தில் நகரக் குப்பை கொட்டப்படுகிறது. அக்குப்பையைக் கிளறிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. சுற்றுச்சூழல் பணிக்காக அங்குச் சென்ற ஃபாவியோ சாவெஸ், பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் பெருகினர், கருவிகள் போதவில்லை. அந்தப் பகுதியில் ஒரு வயலினின் விலை ஒரு வீட்டின் விலையைவிட அதிகம் என்பார்கள். எனவே, குப்பை பொறுக்கும் தொழிலாளியும் கைவினைஞருமான நிக்கொலாஸ் கோமெஸ் என்பவரின் துணையோடு, சாயத் தகரத்தில் வயலினும் எண்ணெய்ப் பீப்பாயில் செல்லோவும் செய்தனர். கரண்டியும் முள்கரண்டியும் நாணயமும் அக்கருவிகளின் உறுப்புகளாயின. அக்குழு இன்று உலகமெங்கும் அறியப்பட்டுள்ளது.

பால்வாளியும் மண்ணெண்ணெய்த் தகரமும் கண்ட தோட்டத்து மக்களுக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது என நம்புகிறோம்.

நம் அருகிலும் சான்றுகள் உண்டு. சிங்கப்பூரில் 1980-ஆம் ஆண்டில் இளைஞர் இசைக்குழு அமைக்கப்பட்டபோது, அதை வழிநடத்த முன்வந்தவர் விவியன் கோ என்னும் வயலின் கலைஞர். 1985-இல் மக்கள் கழகம் இந்திய இசைக்குழுவையும் பாடகர் குழுவையும் தோற்றுவித்தது. அதை லலிதா வைத்தியநாதன் பல்லாண்டுகள் நடத்தினார். கோல் பிடிப்பவர் நம் மரபில் இல்லை. ஆயினும் வீணையும் மிருதங்கமும் ஒருவர் கையசைவுக்கு இணங்கிச் சேர்ந்தொலிக்க முடியும் என்பதற்கு அக்குழு சான்றாயிற்று.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். 'பாட்டும் கூத்தும் சோறு போடுமா? அந்த நேரத்தில் கணக்குப் போடட்டும்' என்னும் பெற்றோரின் கவலையை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைப்பவரின் கவலை அது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இசைக்குழுவில் அமரும் பிள்ளை எண்ணக் கற்கிறது, காத்திருக்கக் கற்கிறது, பக்கத்திலிருப்பவரைச் செவிகொடுத்துக் கேட்கக் கற்கிறது. பாடத்தில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய சிறுவனுக்கும், அவனின்றி இசை நிறைவுறாது என்று சொல்லும் இடம் அதுவொன்றே. இவை கணக்குப் பாடத்திற்கு எதிரானவையா?

கருவியும் பெரும் தடையன்று. இசைப் பாடத்திற்காக வாங்கிய ரெக்கார்டர் குழல் பல பிள்ளைகளின் பையிலேயே கிடக்கிறது. உறுமி மேளம் நம் இளைஞரிடம் செழித்து வளர்ந்திருக்கிறது. கோயிலில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உள்ளன. குழலும் மேளமும் ஒன்றாய் ஒலிக்கத் தடையென்ன?

உண்மையான குறை, முன்னின்று நடத்துவோர் இல்லாமையே. ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு பயிற்சி தொடங்கி, விழா முடிந்த மறுநாளே குழலைப் பெட்டியில் பூட்டிவிடும் வழக்கத்தால் பயனில்லை. கைதட்டல் பெறுவதற்காகக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுப்பதும் முறையன்று. வாரம் ஒருமுறையேனும், மழை பெய்தாலும், நான்கே பிள்ளைகள் வந்தாலும், தவறாது வந்து நிற்கும் ஒருவர் வேண்டும். அவர் ஆசிரியராக இருக்கலாம். கோயிலில் மிருதங்கம் வாசிப்பவராக இருக்கலாம். உறுமி மேளக் குழுவின் தலைவராகவும் இருக்கலாம்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒன்று சொல்வோம். முதல் செலவைக் கருவிக்குச் செய்யாதீர்கள். கற்பிக்க வருபவரின் போக்குவரத்துக்கும் சிறு ஊதியத்துக்கும் செய்யுங்கள். முன்னாள் மாணவர்களே, உங்களுள் இசை தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தாருங்கள். பெற்றோர்களே, அந்த மாலையில் பிள்ளையை அனுப்பிவையுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். கராக்கஸில் முதல் நாள் வந்தவர் பதினொருவரே. நம் பள்ளியில் பயிற்சி தொடங்கும் நாளில், வருவோர் சிலரே என்று தயங்கி நிற்காதீர்கள். அந்தச் சிலருள் ஒருவராக முதலில் வந்து அமருங்கள்.