சிலைடர் வேண்டாம், வினாத்தாளைத் தாருங்கோ

எங்கட பக்கத்துக் கல்வி நிறுவனமொன்று தன் பழைய இணையத்தளத்தைப் புதுசாக்கப் போகுதாம். முதல் பேச்சே நிறம், லோகோ, முகப்பில் ஓடுகிற படங்கள். நன்கொடையாளர் கண்ணுக்கு வடிவா இருக்கோணுமாம். உள்ளே கிடக்கிற பாடக்குறிப்புகளோ இன்னும் பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தமிழில் தேடினால் கூகுளிலும் அகப்படாது. யுனிகோடில் தமிழ் 1991இலேயே வந்திட்டுது!

ஓ.எல். எழுதப்போற பிள்ளை ரீலோட் போட்டுத் தேடுறது கடந்தகால வினாத்தாளை. தலைவர் பரிசு கொடுக்கிற படத்தையா தேடும்? முதலில் எல்லாக் குறிப்பையும் யுனிகோடுக்கு மாற்றுங்கோ. வினாத்தாள்களைச் சின்னக் கோப்புகளாக்கி முகப்பிலேயே போடுங்கோ. நிறத்தைப் பிறகு ஆறுதலாப் பார்ப்பம்.