சம்பளம் கேட்பது கப்பமல்ல

தொழிற்சங்கப் பிணக்குகளில் அடிதடி, மிரட்டல் கூடாது என்கிறார்கள். சரிதான். துரையை அடிப்பவரைத் தண்டிக்கச் சட்டம் ஏற்கனவே உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 372ஆம் பிரிவு கப்பத்தைப் பற்றியதே. சந்தா தராதவரை லயத்தில் வந்து மிரட்டும் தலைவருக்கும் அது பொருந்தும். (இதை நாம் அதிகம் பேசுவதில்லை.)

ஆனால் சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்துவதையும் கப்பம் என்று எழுதிவிடும் சட்டம் எதையும் நாம் ஏற்க முடியாது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்தார். வன்முறை என்றதும் தொழிலாளியை மட்டும் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும். தோழர்களே, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், திகதியிட்ட பிரதியைக் கையில் வையுங்கள். பொலிஸ் அழைத்தால் அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.